ஆற்றிலே போட்டாலும்

வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியலுக்குக் கொடையாகத் தாருங்கள் என்ற அழைப்பு பெருவாரியான மக்களைச் சென்றடைந்தது 1999 மே மாதத்தில். அப்போது பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 'செட்டி அட் ஹோம்' என்ற மென்பொருளை வெளியிட்டது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த வானொலி அலைகள் சிறு துண்டுகளாக வீடுகளுக்கு வந்தன. கணினி சும்மா இருக்கும் பொழுதில் அவற்றில் வேற்றுலக அறிவுயிரின் சமிக்ஞையைத் தேடும். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2020 மார்ச் இறுதியில் அத்திட்டம் புதிய துண்டுகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அது காட்டிய வழி மட்டும் தொடர்கிறது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஃபோல்டிங் அட் ஹோம்', புரதங்கள் மடியும் விதத்தைக் கணிக்கிறது. 2020-இல் கொரோனாவை ஆராய மக்கள் திரண்டபோது, அதன் கூட்டுத்திறன் அன்றைய மிகப்பெரிய மீக்கணினியையும் விஞ்சியது.

இத்தகைய மென்பொருளை நிறுவிய வீடுகளில் எழும் முணுமுணுப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: கணினி ஆமை வேகத்தில் நகர்கிறது. ஆர்வலர்களிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. மென்பொருள் மிகக் குறைந்த முன்னுரிமையில் இயங்குகிறது, நமக்கு வேலை வந்தால் தானே ஒதுங்கிவிடும் என்பார்கள். இது பாதி உண்மை. அது ஒதுங்குவது செயலியில் மட்டுமே. நினைவகத்தில் பிடித்த இடத்தை உடனே விட்டுத்தர வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. நினைவகம் குறைந்த கணினி, வட்டுக்கும் நினைவகத்துக்குமாக அலையத் தொடங்குகிறது. மேலும், ஓயாது உழைக்கும் செயலி சூடேறும். வெப்பம் எல்லையைத் தொட்டால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியில் இது சீக்கிரமே நேரும். அப்போது கொடைப்பணியோடு நம் பணியும் சேர்ந்தே மந்தமாகிறது.

'ஓய்வு நேரம்' என்ற சொல்லையே மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அன்றைய மேசைக் கணினிகள் பலவற்றில், உழைக்கும்போதும் சும்மா இருக்கும்போதும் ஆகும் மின்செலவில் இன்றுள்ள அளவுக்கு வேறுபாடில்லை. எப்படியும் வீணாவதைக் கொடுக்கிறோம் என்ற வாதத்துக்கு அன்று ஓரளவு பொருளிருந்தது. இன்றைய செயலிகள் வேலையில்லாதபோது வேகத்தையும் மின்சாரத்தையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு உறங்குகின்றன. அந்த உறக்கத்தைக் கலைத்துத்தான் இன்று கொடை தருகிறோம். எனவே நாம் கொடுப்பது மிச்சத்தை அல்ல. மின்கட்டணமாகவும் வெப்பமாகவும் விசிறியின் தேய்மானமாகவும் அதற்கு விலையிருக்கிறது.

விலை இருக்கிறதென்றால் அதைத் தருவது யார் என்ற கேள்வியும் வரும். 2009-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், பள்ளிக் கணினிகளில் செட்டி அட் ஹோமை இயக்கிவந்த பொறுப்பாளர் ஒருவர் பதவி விலக நேர்ந்தது. நோக்கம் உயர்ந்ததாகவே இருக்கட்டும், அது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். வீட்டிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. மென்பொருளை நிறுவி மகிழ்பவர் ஒருவர். அதே கணினியில் கடிதம் தட்டச்சு செய்யக் காத்திருப்பவர் வேறொருவர். மின்கட்டணம் கட்டுபவர் மூன்றாமவர். பின்னிருவரையும் கேட்காமல் தருவதை ஈகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் திட்டங்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. எங்கோ ஒரு வீட்டுக் கணினி முகமறியாத நோயாளிக்காகக் கணக்குப் போடுகிறது என்பது நம் காலத்தின் நல்ல செய்திகளில் ஒன்று. ஆனால் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். இவ்வகைத் திட்டங்கள் பலவற்றை ஒருங்கே இயக்கும் 'பாயிங்க்' மென்பொருளில் அளப்பதற்கான வசதிகள் உள்ளன. எத்தனை விழுக்காடு செயலி, எவ்வளவு நினைவகம், எந்த நேரம், ஆள் இருக்கும்போது நிறுத்துவதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் வரையறுக்கலாம். இந்தக் கேள்விகள் அமைப்புப் பக்கங்களில் ஒளிந்திருக்கின்றன என்பதே என் குறை. நிறுவும் கணத்திலேயே இவற்றை எளிய சொற்களில் கேட்க வேண்டும். ஆகும் மின்செலவையும் தோராயமாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் மனமுவந்து தருபவர்கள் இருப்பார்கள். வேகம் குறைந்தது என்று ஒரே வாரத்தில் நீக்கிவிட்டுப் போகும் பத்துப் பேரைவிட, பாதி வேகத்தில் ஆண்டுக்கணக்கில் தரும் அந்த ஒருவரால்தான் அறிவியலுக்கும் பயன் அதிகம்.