அப்டேட் செய்தது கம்பனி, ஏச்சு வாங்குவது கடைக்காரன்

நேற்று இரவு வரை சார்ஜ் ஏறிய கைத்தொலைபேசி, மென்பொருள் அப்டேட் செய்த மறுநாள் அதே வயரில் ஏற மறுக்கிறது. வாடிக்கையாளர் யாரிடம் போவார்? கடல் கடந்த கம்பனியிடமா? மன்னார் பசாரில் இருக்கும் நம் கடைக்குத்தான் வருவார். "நீங்கள் தந்த வயர் சரியில்லை, நானா" என்பார். என் கடையிலும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன்.

இது இன்று தொடங்கியதல்ல. 2012 செப்டம்பரில் அப்பிள் நிறுவனம் ஐபோன் 5 உடன் லைட்னிங் வயரை அறிமுகப்படுத்தியது. அந்த வயரின் முனையில் ஒரு சிறிய சிப் உண்டு. வயர் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் போன் அதன் மூலம் சோதிக்கும். 2013 இல் ஐஓஎஸ் 7 வந்தபோது, அங்கீகாரம் இல்லாத வயரைச் செருகியவர்களுக்கு எச்சரிக்கை வாசகம் தோன்றியது. பல மலிவு வயர்கள் வேலை செய்யாமல் போயின. வயரில் ஒரு மாற்றமும் இல்லை, மாறியது போனுக்குள் இருந்த சட்டம்.

கம்பனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. போலிச் சார்ஜர் உயிருக்கே ஆபத்தாகலாம். 2013 ஆகஸ்டில் அப்பிளே போலிச் சார்ஜர்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு குறைந்த விலைக்கு அசலைக் கொடுக்க முன்வந்தது. ஆனால் பாதுகாப்பு என்பது வேறு, காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பிறகு வந்து செல்லாக்காசாக்குவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் புதிய போன்களுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியது. ஐபோனும் 2023 இல் வந்த 15 ஆம் மாடலோடு அதற்கு மாறிவிட்டது.

அதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். டைப்-சி வயர்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். 3 அம்பியருக்கு மேல் மின்சாரம் தாங்க வேண்டிய வயருக்குள் தனிச் சிப் இருக்க வேண்டும். சில போன்கள் தம் கம்பனி வயரில் மட்டுமே வேகமாக ஏறும். லைட்னிங் துளை உள்ள பழைய ஐபோன்களும் இன்னும் பாவனையில் இருக்கின்றன.

ஆகவே சகோதர வியாபாரிகளே, நம் கையில் இருப்பதை நாம் சரியாகச் செய்வோம். அசல், அங்கீகாரம் பெற்றது, சாதாரணம் என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள். சாதாரண வயரை விற்கும்போது, "அப்டேட் வந்தால் இது நின்றுபோகவும் கூடும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெட்டியில் 'ஒரிஜினல்' என்று அச்சடித்திருப்பதால் மட்டும் பொருள் அசலாகிவிடாது. வாடிக்கையாளரின் போனிலேயே செருகிக் காட்டி, திகதியிட்ட பில் கொடுங்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் கொள்வனவு செய்யும்போதே, திரும்பி வரும் வயரை எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த நட்டம் முழுவதையும் சில்லறைக் கடைக்காரன் சுமக்கத் தேவையில்லை.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்தில் எவரும் முறையிடலாம். அப்போது "கம்பனிதான் அப்டேட் செய்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. என்ன சொல்லி விற்றோம் என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

தலைமன்னாரிலிருந்தும் சிலாவத்துறையிலிருந்தும் பஸ் காசு செலவழித்து வருபவர் ஒரு வயருக்காக இரண்டு தடவை வரக்கூடாது. 1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு வெளியேறி, பின்னர் திரும்பி வந்து கடை திறந்தவர்கள் நம்மில் பலர். அன்று நம்மிடம் முதல் இருக்கவில்லை, மக்கள் வைத்த நம்பிக்கைதான் இருந்தது. குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதும் அல்ல, ஒரு வயரின் இலாபம் அந்த நம்பிக்கைக்கு ஈடும் அல்ல.