இரவு பதினொரு மணிச் சோறு

சுங்கை பினாங்கிலிருந்து மோட்டாரில் கிளம்பினால் நள்ளிரவிலும் சுடச்சுட நாசி கண்டார் கிடைக்கும். சோற்றின் மேல் ஆட்டுக்கறி, பொரித்த கோழி, நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றிய ‘பஞ்சிர்’, பக்கத்தில் சீனி தூக்கலாக ஒரு தே தாரேக். சாப்பிட்டு வீடு திரும்பியதும் படுக்கைதான். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களையும் இந்தப் பழக்கம் விடுவதில்லை.

24 மணி நேர உணவகங்களுக்குத் தடை வேண்டும் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 2024இல் குரல் கொடுத்தது. உணவக உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். கடையை மூடுவதா வேண்டாமா என்பதிலேயே விவாதம் நின்றுபோனது. நோயாளி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பது அதிகம் பேசப்படவில்லை.

பேசியாக வேண்டும். மலேசியாவில் 2022இல் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் 16.1 விழுக்காட்டுக்கு இருதய நோயே காரணம். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இருதயத்துக்குக் கொழுப்பு மட்டுமே எதிரி இல்லை. குழாய்ச் சுவரில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் மாரடைப்பை வரவழைக்கிறது. மாரடைப்பு கண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘கான்டோஸ்’ ஆய்வு 2017இல் இதை உறுதிப்படுத்தியது. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்த ஊசிமருந்து, மறு மாரடைப்பு போன்ற பாதிப்புகளை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்தது.

அதனால்தான் ‘எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடி, அழற்சி தானாகத் தணியும்’ என்ற காணொளிகள் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. ஆனால் ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு சில ஆய்வுகளில் குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை. சீனாவின் குவாங்சோவில் உடல் பருத்த 139 பேரை ஓராண்டு கவனித்தார்கள். உணவின் அளவை மட்டும் குறைத்தவர்களைவிட, நேரத்தையும் சேர்த்துக் குறைத்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. சுமார் 20,000 அமெரிக்கர்களின் தரவை வைத்து 2024இல் வெளியான ஓர் ஆய்வோ, எட்டு மணி நேரத்துக்குள் உண்டவர்களிடம் இருதய மரண அபாயம் 91 விழுக்காடு கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. இரண்டு நாள் உணவு விவரத்தை மட்டும் கேட்டுச் செய்த கணிப்பு அது. காரணம் இதுதான் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இருதய நோயாளி தாமாகப் பட்டினியில் இறங்கக்கூடாது என்பதற்கு அந்த எச்சரிக்கை போதும். இன்சுலின் போடுபவர் காலைப் பசியாறலைத் தவிர்த்தால் சீனி அளவு சரிந்து மயங்கி விழலாம்.

பட்டினி வேறு, இரவு உணவை முன்னுக்குக் கொண்டுவருவது வேறு. இரவில் இன்சுலின் மந்தமாகவே வேலை செய்யும். அதே சோறு பகலைவிட இரவில் சீனியை அதிகம் ஏற்றும். ஏழு, எட்டு மணிக்குள் இரவுச் சாப்பாட்டை முடிப்பது பெரும்பாலோருக்குச் சாத்தியமே. பாயான் லெப்பாஸ் ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மட்டும் தனி ஆலோசனை தேவை.

ரமலானுக்கு முன்னால் நோன்பாளிகளின் மாத்திரை நேரத்தை மருத்துவர்கள் மாற்றிக் கொடுப்பது இங்கே நெடுநாள் வழக்கம். அந்த அக்கறை ஆண்டு முழுக்க எல்லா இருதய நோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டும். பினாங்குப் பொது மருத்துவமனையிலும் அரசாங்கக் கிளினிக்குகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கும்போதே, “நேற்றுக் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டு அட்டையில் எழுதட்டும். உணவு ஆலோசகர் அதைப் பார்த்து, மருந்து நேரத்தோடு பொருத்தி, தமிழில் விளக்கிச் சொல்லட்டும்.