புரோகிராம் போகட்டும், பேரேடு இருக்கட்டும்



மளிகைக் கடையானாலும் மொத்த வியாபார மண்டியானாலும் இன்று கம்ப்யூட்டர் இல்லாமல் பில் போடுவது அரிதாகிவிட்டது. புதிய புரோகிராமை விற்பதற்கு நம் கடை வாசலுக்கே ஆள் வருகிறார். பழைய புரோகிராமை எப்படி முறையாக வெளியேற்றுவது என்று சொல்லித்தர மட்டும் யாரும் வருவதில்லை. அதனால் வரக்கூடிய நஷ்டம் நம் தலையில்தான் விடிகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

2007 ஜனவரி 1ல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. இரண்டு முறையும் நம்மில் பலர் பில் போடும் புரோகிராமை மாற்றினோம். இடையில் வைரஸ் தடுப்பு, பிரிண்டர், பார்கோடு என்று எத்தனையோ உள்ளே வந்தன. வந்தவை பலவும் வெளியே போகவில்லை. இப்போது விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால், பழைய பெட்டியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குகிறவர்கள் அதிகம். ஒழித்துக்கட்டும் வேலை நடக்கும் இந்த நேரத்தில்தான் எச்சரிக்கையும் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். திரையில் தெரியும் சின்னப் படத்தை அழித்துவிட்டால் புரோகிராம் போய்விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றுவது போலத்தான். சரக்கெல்லாம் உள்ளேயே இருக்கும். முறையான வழி, விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுப்பது. 1995ல் வந்த விண்டோஸ் 95 முதல் இதற்கென்று ஒரு பட்டியல் இருந்து வருகிறது.

ஆனால் அந்தப் பட்டியல் மூலம் நீக்கும்போது வேலை செய்வது பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனி எழுதி வைத்த நீக்கும் புரோகிராம்தான். அது எதை எடுக்க வேண்டும் என்று கம்பெனி எழுதியதோ அதை மட்டுமே எடுக்கும். மிச்சம் மீதி சில கோப்புகளும், ரெஜிஸ்ட்ரி என்று விண்டோஸ் வைத்திருக்கும் பதிவேட்டில் சில வரிகளும், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக ஓடும் சில வேலைகளும் தங்கிவிடுவதுண்டு. இந்த மிச்சத்தையும் துடைத்தெடுக்கத்தான் ரெவோ அன்இன்ஸ்டாலர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இவை முதலில் கம்பெனியின் நீக்கும் புரோகிராமை ஓட்டுகின்றன. பிறகு அதன் பெயரைச் சார்ந்த கோப்புகளையும் பதிவுகளையும் தேடிப் பட்டியலிட்டு, நாம் குறித்துக் கொடுப்பதை அழிக்கின்றன.

இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. பாதியில் நின்றுபோன புரோகிராம், மறுபடி போட முடியாமல் வம்பு செய்யும் புரோகிராம் ஆகியவற்றுக்கு நல்ல மருந்து. வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் ஒன்றோடு ஒன்று மோதும். பழையதை முழுதாக எடுக்க மெக்காஃபி, நார்ட்டன் போன்ற கம்பெனிகளே தனியாக நீக்கும் கருவி கொடுக்கின்றன. அதற்கு அதையே பயன்படுத்துவது உத்தமம்.

என் கவலை கணக்குப் புரோகிராமைப் பற்றியது. முழுதாகத் துடைக்கும் மென்பொருளுக்கு எது குப்பை, எது நம் பேரேடு என்று தெரியாது. பழைய பில்லிங் புரோகிராமின் பெயரில் உள்ள ஃபோல்டரில்தான் நம் ஐந்தாறு வருடக் கணக்கும் இருக்கக்கூடும். அதையும் மிச்சம் என்று பட்டியலில் காட்டலாம். கடைப் பையன் எல்லாவற்றையும் குறித்து அழி என்று கொடுத்தால், கொள்முதலும் விற்பனையும் கடன் பாக்கியும் ஒரு நிமிடத்தில் போய்விடும். புரோகிராம் கம்பெனியுடையது, கணக்கு நம்முடையது. முன்னது முழுதாகப் போகலாம். பின்னதில் ஒரு வரியும் போகக்கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டம் 36வது பிரிவின்படி, அந்தந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கு ஏடுகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24ம் ஆண்டுக்கு அந்தத் தேதி 2024 டிசம்பர் 31. எனவே 2030 டிசம்பர் முடியும் வரை அந்த ஏடுகள் நம்மிடம் இருக்க வேண்டும். அப்பீல் அல்லது விசாரணை இருந்தால், அது முடிந்த பிறகும் ஓராண்டு என்ற கணக்கும் சேரும். இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர் முறையான நகல் வைத்திருக்க வேண்டும், அதிகாரி கேட்டால் படிக்கும் வடிவில் கொடுக்க வேண்டும் என்று விதிகளும் இருக்கின்றன. "புரோகிராமை எடுத்துவிட்டோம், திறக்க முடியவில்லை" என்பது பதிலாகாது.

ஆகவே கணக்குப் புரோகிராமை நீக்கும் முன் நான்கு காரியங்கள் செய்யுங்கள்.

ஒன்று, பேக்கப் எடுத்து, அது வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

இரண்டு, பேரேடு, கொள்முதல், விற்பனை, சரக்கு இருப்பு எல்லாவற்றையும் எக்செல் அல்லது பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். புரோகிராம் விற்ற கம்பெனியே நாளை மூடிவிட்டால் இதுதான் கைகொடுக்கும். ஒரு பிரதி கடையிலும், ஒரு பிரதி ஆடிட்டரிடமும் இருக்கட்டும்.

மூன்று, லைசென்ஸை விடுவியுங்கள். டேலி போன்றவற்றில் லைசென்ஸை ஒப்படைக்கும் வசதி உண்டு. பழைய பெட்டியில் அதைச் செய்துவிட்டுப் புதியதில் போட்டால் சிக்கல் இல்லை.

நான்கு, துடைக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவதானால், அது காட்டும் பட்டியலை முதலாளியோ கணக்கப்பிள்ளையோ பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்த பிறகே அழிக்க அனுமதியுங்கள்.

இலவசம் என்று கண்ட இடத்தில் துடைப்பான்களை இறக்குவதும் ஆபத்து. பெயர் பெற்ற சிசிகிளீனரிலேயே 2017 ஆகஸ்டில் வந்த ஒரு பதிப்பில் விஷமிகள் தங்கள் நிரலை நுழைத்துவிட்டார்கள். சுமார் 22 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் கம்பெனியே சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் மிச்சமிருக்கும் நாலு வரிப் பதிவு எந்தக் கெடுதலும் செய்யாது.

ஆனால் ஒரு வகைப் புரோகிராம் மட்டும் அடியோடு போயே ஆகவேண்டும். சர்வீஸ்காரர் தன் இடத்தில் இருந்தபடியே நம் கம்ப்யூட்டரை இயக்குவதற்காகப் போடும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை அவை. வேலைக்கு அவை தேவைதான். தவறு அவற்றில் இல்லை. ஆனால் நிரந்தரக் கடவுச்சொல்லோடு விட்டுவைத்தால், ஆள் மாறினாலும் சாவி வெளியே இருக்கும். இவ்வகைச் செயலியை இறக்கவைத்துப் பணம் பறிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. பூட்டுக்குப் பெயர் போன ஊர் நம் ஊர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடைக்கு நல்ல பூட்டாகப் பார்த்து வாங்குகிற நாம், கணக்கின் கள்ளச்சாவியை யாரிடமோ விட்டுவைக்கலாமா?

பழைய பெட்டியை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரோகிராமை நீக்கிவிட்டு எடைக்குப் போடாதீர்கள். வாடிக்கையாளர் போன் எண்ணும் கடன் பாக்கியும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். விண்டோஸில் ரீசெட் செய்யும்போது டிரைவைத் துடைக்கும் வசதியையும் தேர்ந்தெடுங்கள், அல்லது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். தனியொரு கடைக்காரர் கேட்டால் மென்பொருள் கம்பெனிக்காரர் சிரித்துவிட்டுப் போவார். சங்கம் கேட்டால் உட்கார்ந்து பேசுவார். வாடிக்கையாளர் விலகும்போது அவருடைய முழுக் கணக்கையும் எக்செல் வடிவில் கட்டணமின்றித் தரவேண்டும், தொலைவிலிருந்து இயக்கும் புரோகிராமை எடுத்துவிட்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒப்பந்தப் படிவத்தில் சேர்க்கச் சங்கம் வற்புறுத்த வேண்டும். உறுப்பினர்களுக்கு ஒருநாள் செயல்முறை விளக்கக் கூட்டமும் நடத்தலாம். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.