சனியின் வளையங்கள் பாடுமா?



மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் சூரிய மண்டலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோளின் படமாகத் திரையில் காட்டி வந்தபொழுது சனியின் முறை வந்தது. முதல் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி சட்டென்று கண்களைப் பொத்திக்கொண்டாள். காரணம் கேட்டேன். "அண்ணனுக்கு ஏழரைச் சனி, ஐயா. அதைப் பார்க்கக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்க" என்றாள். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேரின் முகத்தில் அதே அச்சம் இருந்தது.

அந்த அச்சத்தைப் போக்கும் அவசரத்தில் நான் ஒரு பிழை செய்தேன். இணையத்திலிருந்து எடுத்து வைத்திருந்த சிந்தசைசர் இசை ஒன்றை ஒலிக்கவிட்டு, "சனியின் வளையங்களிலிருந்து வரும் ஓசை இதுதான், கேளுங்கள்" என்றேன். அதில் பாடல் இல்லை, தாளமும் இல்லை. நீண்ட சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து மெல்ல அடங்கும். அவ்வளவே. கண்ணைப் பொத்தியிருந்த மாணவி கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வெற்றி பெற்றுவிட்டேன் என்றே எண்ணினேன். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயா, விண்வெளியில காத்து இல்லைன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் சத்தம் எப்படிக் கேட்கும்?"

நான் வாயடைத்து நின்றேன். பாட்டி சொன்ன ஒரு கதையை நீக்கப் போய், ஆசிரியன் சொன்ன மற்றொரு கதையை அங்கே நட்டிருக்கிறேன்.

இணையத்தில் 'சனியின் ஓசை' என்று உலவுபவற்றுள் பலவற்றின் மூலம் வானொலி அலைகளே. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் அக்கோளின் வானொலி அலைகளைப் பதிவு செய்தது. அவை காதுக்கு எட்டாதவை. அறிவியலாளர்கள் அவற்றின் அதிர்வெண்ணைக் குறைத்துக் கேட்கத்தக்க ஒலியாக மாற்றி வெளியிட்டனர். அதுவாவது சனியிலிருந்து வந்த செய்தி எனலாம். நான் ஒலிக்கவிட்டதோ அதுகூட அன்று. யாரோ ஒரு கலைஞர் வளையங்களின் படத்தைப் பார்த்து, தம் அறையில் அமர்ந்து, விசைப்பலகையில் அமைத்த இசை. அவருடைய பெயரைக்கூட நான் மாணவர்களிடம் சொல்லவில்லை. இன்று எண்ணும்பொழுது அதுவே எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

இத்தகைய இசையை வகுப்பில் ஒலிக்கவிடலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம் என்பேன். ஆனால் இது மனிதன் செய்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஒலிக்கவிட வேண்டும். அதனால் வியப்பு குறைந்துவிடும் என்று சில நண்பர்கள் அஞ்சுகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சப்பானிய இசைக்கலைஞர் இசாவோ தொமித்தா 1976-இல் கோள்களைப் பற்றிய இசைத்தொகுப்பு ஒன்றை முழுக்க சிந்தசைசரிலேயே அமைத்து வெளியிட்டார். அன்று எந்த விண்கலமும் சனியை எட்டியிருக்கவில்லை. முதலில் சென்ற பயனியர் 11 அதனை நெருங்கியது 1979-இல்தான். கண்ணால் அருகே காணாத ஒன்றைக் கம்பிகளையும் மின்னோட்டத்தையும் கொண்டு ஒரு மனிதர் கற்பனை செய்திருக்கிறார். மாணவருக்கு இது வியப்பாக இராதா?

இன்னொன்றும் உண்டு. தொமித்தா எடுத்துக்கொண்ட மூல இசை, ஆங்கிலேயரான குசுத்தாவ் ஓல்சுட்டு 1914 முதல் 1917 வரை பல்லியக் குழுவிற்காக இயற்றியது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தது வானியல் அன்று, சோதிடம்! அதில் சனி முதுமையைக் கொண்டு வருபவர். ஆகவே நம் வீட்டுப் பாட்டியை மட்டும் பழிப்பதற்கில்லை. சொல்லப்போனால் பாட்டியின் ஏழரையிலும் வானியல் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். அதனைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பகிர்ந்தால் இராசி ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. மூன்று இராசிக்கு ஏழரை. நம் முன்னோர் அக்கோளின் மெதுவான நடையைக் கவனித்துக் கணக்கிட்டிருக்கின்றனர். அச்சம் வேறு, கணக்கு வேறு. கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

மறுவாரம் என் பிழையை மாணவர்களிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு வேறோர் இசையைப் பற்றிச் சொன்னேன். காசினியின் பயணம் முடிந்த 2017-இல், தொராந்தோ பல்கலைக்கழக வானியற்பியலாளர்களான மேட் ருசோ, டான் தமாயோ ஆகியோர், இசைக்கலைஞர் ஆண்ட்ரூ சாண்டகுய்டாவுடன் இணைந்து, சனியின் நிலவுகளையும் வளையங்களையும் இசையாக்கினர். நிலவு ஒன்று சுற்றிவரும் வேகத்தை ஓர் அதிர்வாகக் கொண்டு, அதை 27 ஸ்தாயி உயர்த்தினர். அதாவது 27 முறை இரட்டிப்பாக்கினர். 134 மில்லியன் மடங்கு. ஏறத்தாழ 16 நாளுக்கு ஒருமுறை சுற்றும் தைத்தான், நொடிக்கு 97 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த சுரமாகிவிடும். இங்கும் சனி பாடவில்லை. ஆனால் சுரங்களுக்கு இடையிலான உறவு மனிதன் புனைந்ததன்று. அது நிலவுகளுக்கே உரியது.

அந்த உறவைக் கைதட்டியே காட்டலாம். தைத்தான் நான்கு முறை சுற்றும் காலத்தில் அதன் அண்டை நிலவாகிய ஐப்பீரியன் மூன்று முறை சுற்றும். இரு மாணவர்களை நிறுத்தி, ஒரே கால அளவில் ஒருவனை நான்கும் மற்றவனை மூன்றும் தட்டச் சொன்னேன். முதலில் ஒரே குழப்பம். நான்காவது முயற்சியில் பொருந்தியது. இதே 4:3 விகிதம்தான் நம் இசையில் மத்யமத்திற்கும் சட்சமத்திற்கும் உள்ள விகிதம்; பழந்தமிழர் வழக்கில் உழையும் குரலும். தேவார வகுப்பிற்குச் செல்லும் மாணவி ஒருத்தி ஆர்மோனியத்தில் அவ்விரு கட்டைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினாள். என்சலாடசும் தியோனும் 2:1. அது கீழ் ச, மேல் ச. வளையங்களுக்கு நடுவே தெரியும் காசினி இடைவெளியின் உள்விளிம்பிலும் இந்த 2:1 வேலை செய்கிறது. மிமாசு நிலவு ஒருமுறை சுற்றுவதற்குள் அங்குள்ள பனித்துகள்கள் இருமுறை சுற்றிவிடும். நிலவின் ஈர்ப்பு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இழுத்துத் துகள்களைக் கலைத்துவிடுகிறது.

இதற்குப் பின் பெற்றோர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பாட நேரத்தில் பாட்டுப் போடுகிறீர்களாமே, ஐயா?" என்றார். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் அதன் நிழல் நம் வீடுகளை விட்டு அகலவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை. விகிதம், ஈர்ப்பு, காற்றின்றி ஒலி பரவாமை ஆகிய மூன்றையும் அந்த ஒரு மணி நேரத்தில் தொட்டோம் என்று விளக்கினேன். அவர் சற்று அமைதியாக இருந்துவிட்டு, "என் மகன் இரவெல்லாம் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறான்" என்றார். அது புகாரா பாராட்டா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த பாடம் வியாழன். அதன் மூன்று நிலவுகள் 4:2:1 என்னும் விகிதத்தில் சுற்றுகின்றன. முதல் நிலவின் பெயர் ஐயோ என்றதும் வகுப்பே சிரித்தது. அந்த ஐயோவாக நின்று நான்கு முறை தட்டப் போவது யார் என்னும் சண்டை இன்னும் தீரவில்லை. கண்ணைப் பொத்தியவளும் சண்டையில் இருக்கிறாள்.