வெயில் எல்லோருக்கும்; வெளிச்சம் யாருக்கு?



மாதம் பிறந்தால் லிங்கராஜபுரத்துச் சந்துகளில் இரண்டு கணக்குகள் நடக்கின்றன. ஒன்று வாடகைக் கணக்கு. மற்றொன்று கரண்டுக் கணக்கு. வாடகையாவது முன்கூட்டியே பேசி முடித்தது. கரண்டுக் கணக்கில் வீட்டுக்காரர் சொல்வதே விலை. ஒரே மீட்டரில் நான்கு அறைகள், அறைக்கு ஒரு சப் மீட்டர், யூனிட்டுக்கு இந்த வீட்டில் ஒரு விலை, அடுத்த வீட்டில் வேறு விலை. பில்லைக் காட்டுங்கள் என்று கேட்கும் குடும்பத்துக்கு, "வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதே பல இடங்களில் பதில்.

இப்படிப்பட்ட நமக்கு ஐரோப்பாவின் மின்சாரச் சந்தையைப் பற்றி எதற்குத் தலையங்கம் என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்க வேண்டாம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் பிழைக்கப் போன நம் ஈழத்து உறவுகளின் அடுப்பங்கரையில் 2022ஆம் ஆண்டு நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டால், நாளை நம் வீட்டுக்கு வரப்போவது என்ன என்பதும் புரியும்.

ஐரோப்பியச் சந்தையின் விதியை நம் பாஷையில் சொல்கிறோம். காலையில் கூலிக்கு ஆள் நிற்கும் முனையை நினைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்குப் பத்து ஆள் தேவை. ஒன்பது பேர் 700 ரூபாய்க்கு வரத் தயார். பத்தாவது ஆள் 1,200க்குக் குறைந்து வரமாட்டேன் என்கிறார். வேறு ஆள் இல்லை. அவரையும் எடுத்தே ஆக வேண்டும். அப்போது பத்துப் பேருக்கும் 1,200 ரூபாய் என்பதுதான் அந்தச் சந்தையின் விதி! முதலில் காற்றாலை, சூரியத் தகடு, நீர்மின்சாரம், அணுமின்சாரம் எனச் செலவு குறைந்தவற்றை எடுப்பார்கள். பிறகு நிலக்கரி, கடைசியில் எரிவாயு. தேவையை நிறைவு செய்யும் அந்தக் கடைசி நிலையம் எந்த விலை கேட்கிறதோ, அதுவே அந்த நேரத்தில் எல்லோருக்கும் விலை.

நம் கூலி முனையில் நடப்பதோ இதற்கு நேர் எதிர். எவன் வயிற்றுப் பசியால் மிகக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறானோ, அவன் கூலிதான் எல்லோருக்கும் கூலி. முதலாளியின் சரக்குக்கு மேல் விலை விதி. தொழிலாளியின் உழைப்புக்குக் கீழ் விலை விதி! இரண்டையும் "சந்தை" என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்த ரஷ்ய எரிவாயு சுருங்கியது. அதே ஆண்டில் பிரான்சின் அணு உலைகள் பல பழுதுக்காக நிறுத்தப்பட்டன. வறட்சியால் நீர்மின்சாரமும் குறைந்தது. ஆகஸ்டில் எரிவாயு விலை ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. காற்றுக்கு விலை ஏறவில்லை, வெயிலுக்கும் ஏறவில்லை. ஆனால் காற்றாலை மின்சாரத்துக்கும் எரிவாயு மின்சாரத்தின் விலையே கிடைத்தது. பில்லைக் கட்டியவர்கள் வீட்டைச் சூடாக்காமல் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்தார்கள்.

இந்த விதிக்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். மலிவான நிலையம் முதலில் ஓடும், லாபம் கிடைப்பதால் மேலும் பலர் காற்றாலை கட்ட வருவார்கள், பற்றாக்குறை எங்கே என்று விலையே காட்டும் என்கிறார்கள். அதில் உண்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் விதியை எழுதியவர்களே நெருக்கடி வந்ததும் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. 2022 ஜூனில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்நிலையங்களுக்கான எரிவாயுவுக்கு உச்சவரம்பு கட்டின. அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம், காற்று, சூரியன், அணு போன்ற மலிவான நிலையங்களின் வருமானத்துக்கு மெகாவாட் மணிக்கு 180 யூரோ என்று தற்காலிக வரம்பு விதித்து, மிஞ்சியதை நுகர்வோருக்குத் திருப்பச் சொன்னது. 2024இல் சந்தைச் சட்டத்தையே திருத்தினார்கள். கடைசி நிலையமே விலையை முடிவு செய்யும் அடிப்படை விதியை அவர்கள் நீக்கவில்லை. ஆனால் அரசு ஆதரவு பெற்றுப் புதிதாகக் கட்டப்படும் நிலையங்களுக்கு இருவழி ஒப்பந்தம் வருகிறது. சந்தை விலை குறைந்தால் அரசு ஈடுகட்டும். ஏறினால் மிகையை நிலையம் திருப்பித் தர வேண்டும். நிலையான விலைக்கு ஒப்பந்தம் கேட்கும் உரிமை, ஏழைக் குடும்பத்தின் இணைப்பைத் துண்டிப்பதற்கு எதிரான பாதுகாப்பு, ஒருவர் கூரையில் விளையும் மின்சாரத்தை மற்றவரோடு பகிரும் உரிமை ஆகியவையும் அந்தச் சட்டத்தில் இடம் பெற்றன.

நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்: மின்சாரம் மலிவாக உற்பத்தியாவதால் மட்டும் ஏழையின் பில் குறைந்துவிடாது. விலையை நிர்ணயிப்பது காற்றும் வெயிலும் அல்ல. மனிதர்கள் எழுதும் விதிகளும் ஒப்பந்தங்களும்தான். எழுதும் மேஜையில் நமக்கு இடமில்லை என்றால், பலனிலும் நமக்குப் பங்கில்லை.

இந்தியாவுக்கும் இந்தச் சந்தை புதிதல்ல. 2008 முதல் இங்கு மின்சாரப் பரிவர்த்தனைச் சந்தைகள் நடக்கின்றன. விலை கட்டும் முறையும் ஏறக்குறைய அதே முறைதான். நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நீண்டகால ஒப்பந்தங்களில் வருவதால் முழு அடியும் நம் முதுகில் விழவில்லை. ஆனால் 2022 மார்ச்சில் வெயில் கொளுத்தியபோது, யூனிட் விலை அன்றைய உச்சவரம்பான 20 ரூபாயைத் தொட்டது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரலில் வரம்பை 12 ரூபாயாகவும், 2023இல் 10 ரூபாயாகவும் இறக்க வேண்டியதாயிற்று. 2023இல் கர்நாடகத்தில் மழை பொய்த்து அணைகள் வறண்டபோது, மாநில நிலையங்கள் வெளியே விற்பதைத் தடுக்க அரசு மின்சாரச் சட்டத்தின் 11ஆவது பிரிவையே கையில் எடுத்தது. அவசரத்துக்கு வாங்கும் மின்சாரத்தின் செலவு எங்கே போகிறது? பில்லின் ஒரு மூலையில் எரிபொருள், மின்கொள்முதல் செலவு என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான் வந்து நிற்கிறது.

நம் முன்னோர் இந்தப் பாடத்தை நூறாண்டுக்கு முன்பே உடம்பால் படித்தவர்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம், 90 மைலுக்கு மேல் கம்பியில் ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. ஆசியாவிலேயே அது பெரும் சாதனை. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு அதை வாங்கியவை சுரங்கக் கம்பெனிகள். பெங்களூர் வீதிக்கு மின்விளக்கு 1905இல்தான் வந்தது. தங்கவயலின் ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்தவர்களோ வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் பாட்டன்மார். மின்சாரம் அழைத்து வரப்பட்டது யந்திரங்களுக்காக; அந்த யந்திரங்களோடு மல்லுக்கட்டியவர்களின் தட்டிக் குடிசைகளுக்காக அல்ல. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று ரயிலேறி இந்த நகரத்துக்குத்தான் வேலைக்கு வருகிறார்கள். நம் சந்துகளிலும் குடியிருக்கிறார்கள்.

இன்று காவிரிக்குப் பதில் சூரியன். துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா எழுந்து நிற்கிறது. நிலத்தை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை அது ஏறும். விவசாயியின் நிலத்தைப் பிடுங்காத இந்த ஏற்பாடு நல்லதே, பாராட்டுகிறோம். ஆனால் அந்த நிலத்தில் களையெடுத்தும் கடலை பிடுங்கியும் பிழைத்த நிலமற்ற கூலிக்கு எந்த ஒப்பந்தத்தில் இடம்? பட்டா உள்ளவனுக்குக் குத்தகை. பட்டா இல்லாதவனுக்குப் பழைய கதை!

கிராமத்தில் நிலமற்றவனின் நிலை எதுவோ, நகரத்தில் கூரையற்றவனின் நிலை அதுவே. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைச் சூரிய மின்சாரத் திட்டம் அறிவித்தது. மானியம் 78,000 ரூபாய் வரை. யாருக்கு? சொந்தக் கூரை உள்ளவருக்கு. 2022இன் பசுமை மின்சார விதிகள் விரும்பிய இடத்திலிருந்து சுத்தமான மின்சாரம் வாங்கும் உரிமை தருகின்றன. யாருக்கு? 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் தேவைப்படுவோருக்கு. ஒரு விசிறி, இரண்டு விளக்கு, ஒரு மிக்சி, ஒரு டிவி வைத்திருக்கும் நாம் இந்த வாசலில் நிற்கவே முடியாது. 2025 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட திருத்த மசோதா வரைவு, தொழிற்சாலைகளும் ரயில்வேயும் ஏழை வீட்டுக்காகக் கூடுதலாகக் கட்டும் பணத்தை ஐந்தாண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. அதை நிறுத்தினால் அந்தச் சுமை யார் தலைக்கு வரும் என்று சொல்லவும் வேண்டுமா?

கர்நாடக அரசின் கிருஹ ஜோதி 2023 ஜூலை முதல் நமக்கு உதவியது உண்மை. மாதம் 200 யூனிட்டுக்கு உட்பட்டு, முந்தைய சராசரியோடு சிறிது கூட்டிக் கட்டணமில்லை. வாடகைதாரருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொடுத்ததற்கு நன்றி சொல்வோம். ஆனால் நான்கு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் 200 யூனிட் எத்தனை நாளைக்கு? வரம்பு தாண்டினால் முழு பில்லும் நம் தலையில். வரம்புக்குள் அடங்கி வீட்டுக்காரருக்குப் பூஜ்ய பில் வந்த வீட்டிலும், சப் மீட்டர் காசு தவறாமல் வசூலாகிறதே, அது எந்த ஜோதி?

ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: சப் மீட்டருக்கு ஆணையம் விதித்த கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் வாங்கக்கூடாது. 2025-26ஆம் ஆண்டுக்கு வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசு என்று ஆணையம் விதித்ததை எத்தனை குடும்பங்கள் அறியும்? மின் கம்பெனியின் பில் நகலைச் சுவரில் ஒட்டும் வழக்கம் ஒவ்வொரு வாடகைக் கட்டடத்திலும் வர வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர் கிடைக்கும் வழியை எளிதாக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுக்கும் வீட்டுக்காரரால் கிருஹ ஜோதி உரிமை கைவிட்டுப் போகக்கூடாது.

மூன்று: பள்ளிக்கூடம், மாநகராட்சிக் கட்டடம், குடிசை மாற்று வாரிய வீடுகள் ஆகியவற்றின் கூரையில் சூரியத் தகடு வைத்து, அந்த யூனிட்டுகளை வாடகைக் குடும்பங்களின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒரே தகட்டின் மின்சாரத்தைப் பலர் கணக்கில் பகிர டெல்லி 2019லேயே விதி வகுத்தது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பால்கனியில் சிறு தகடு வைக்க வாடகைதாரர் கேட்டால், தக்க காரணமின்றி வீட்டுக்காரர் மறுக்க முடியாது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நான்கு: ஏழை வீட்டுக் கட்டணத்துக்கு எழுத்துப்பூர்வமான பாதுகாப்பு இல்லாமல் எந்தச் சந்தைச் சீர்திருத்தமும் கூடாது.

இவற்றை யாரிடம் கேட்பது? கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நம் பகுதிக்கு அதிக தூரமில்லாத வசந்தநகரில் இருக்கிறது. கட்டண மனு வரும்போது எழுத்தில் ஆட்சேபணை வாங்குகிறது. பொது விசாரணை நடத்துகிறது. தொழிலதிபர் சங்கங்கள் வக்கீலோடு வருகின்றன. நாம் ஏன் போவதில்லை? கூலி போய்விடும், பாஷை தெரியாது, நம் பேச்சை யார் கேட்பார் என்று வீட்டில் இருந்துவிடுகிறோம். வராதவன் பங்கை வந்தவன் கொண்டுபோவான் என்பது பந்தியில் மட்டும் நடக்கும் காரியமல்ல.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறோம். இது தமிழர், கன்னடர் வழக்கு அல்ல. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்த நகரத்தில் நம் மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆனால் பக்கத்து அறையில் குடியிருக்கும் ராய்ச்சூர்க் கட்டடத் தொழிலாளியும் அதே சப் மீட்டருக்குத்தான் காசு கட்டுகிறார். ஆட்சேபணை மனுவைக் கன்னடத்தில் எழுத அவர் கை கொடுப்பார். கையெழுத்துச் சேர்க்க நாம் கால் கொடுப்போம்.

இந்த மாதமே தொடங்குவோம். உங்கள் வீட்டு மீட்டர் எண்ணிக்கையை ஒன்றாம் தேதி ஒருமுறையும் முப்பதாம் தேதி ஒருமுறையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கட்டிய காசையும் பக்கத்தில் எழுதுங்கள். நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். நூறு குடும்பத்தின் நோட்டுகள் ஆணையத்தின் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் நாளில், நம் கணக்கையும் அவர்கள் படித்தே ஆக வேண்டும்.

தங்கவயலுக்கு வந்த மின்சாரத்துக்கு நம் பாட்டன்மார் வியர்வையை மட்டுமே கொடுத்தார்கள்; ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கையெழுத்து இல்லை. சூரியனிலிருந்து வரும் மின்சாரத்தின் ஒப்பந்தத்தில் நம் பிள்ளைகளின் கையெழுத்து இருக்கட்டும்!