அந்த 'எக்ஸ்' யாரு பாஸ்?

கொலை பண்ணினது யாருன்னு ஆரம்பத்துலேயே சொல்லிட்டா, மீதிப் புத்தகத்தை எதுக்குப் படிக்கணும்?

நியாயமான கேள்வி. ஆனா கெய்கோ ஹிகாஷினோவோட இந்த நாவலைக் கையில எடுத்தா அந்தக் கேள்வி ஞாபகத்துக்கே வராது. 2005-ல் ஜப்பானில் புத்தகமா வந்து, அடுத்த வருஷமே அங்கே பெரிய கௌரவமா நினைக்கிற நவோக்கி பரிசை வாங்கியது. 2011-ல் ஆங்கிலத்துக்கு வந்தபோது பேரு 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. எழுதினவர் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் முடிச்சவர். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துக்கிட்டே ராத்திரியில் கதை எழுதி, 1985-ல் எடோகவா ராம்போ பரிசு வாங்கின பிறகு வேலையை விட்டார். (பரிசு வாங்கின பிறகு! இதை நோட் பண்ணிக்குங்க. இந்தப் பக்கத்தைக் காட்டி வீட்டுல யாரும் சண்டை போட வேண்டாம்.)

கதை நடக்கிற இடம் டோக்கியோ. யசுகோ, மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைச்சு விற்கிற கடையில் வேலை செய்யும் அம்மா. ஸ்கூல் படிக்கிற பொண்ணு மிசாட்டோ. விவாகரத்து ஆன பிறகும் பணம் கேட்டுத் துரத்துகிற பழைய கணவன் டொகாஷி. எந்த வீட்டுக்கு மாறினாலும் மோப்பம் பிடிச்சு வந்துடுவான். அன்னிக்கு ராத்திரியும் வந்தான். அவன் கிளம்புற நேரத்துல பின்னாலிருந்து அந்தப் பொண்ணு பூச்சாடியால் தலையில் அடிச்சுடறா. அவன் வெறியோட அவ மேல பாய, அம்மா கையில் அகப்பட்ட மின்சார ஒயரை அவன் கழுத்துல போட்டு இறுக்குறா.

முடிஞ்சது. பிணம் நடு வீட்டுல கிடக்கு.

யசுகோவுக்கு முதல்ல தோணுறது போலீஸில் சரணடையறதுதான். தனி ஆளா இருந்தா போயிருப்பா. ஆனா அடிச்சதும், அவன் கையைப் பிடிச்சதும் மகள். உண்மையைச் சொன்னா மகளும் மாட்டுவா. இந்த இடத்துலதான் கதவு தட்டப்படுது. பக்கத்து வீட்டு இஷிகாமி. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

ஆமாம், கணக்கு வாத்தியார்தான் ஹீரோ! வட்ட முகம், சின்னக் கண்ணு, தடிச்ச உடம்பு. கல்லூரியில் எல்லாரும் ஜீனியஸ்னு சொன்னவர், இப்போ கணக்கு வேண்டாம்னு கொட்டாவி விடுற பசங்க முன்னாடி நிக்கிறார். ஒரு பையன், 'டிஃபரென்ஷியேஷன் எதுக்கு சார், வாழ்க்கைக்கு உதவுமா?'ன்னு கேக்குறான். (நாம கேட்காத கேள்வியா?) மனுஷன் கோபப்படாம, அவனுக்குப் பிடிச்ச பைக் ரேஸை வெச்சே பதில் சொல்றார். யசுகோ மேல அவருக்குப் பிரியம். தினமும் அவ கடையில் சாப்பாடு வாங்குறதைத் தவிர அதை வெளியே காட்டினதே இல்ல. அவ மாட்டக் கூடாதுன்னு மொத்தப் பொறுப்பையும் தன் தலையில் எடுத்துக்கிறார். அதுவரைக்கும் அவங்க குடும்பத்துக்கு அவர் யாரோ.

எதிர் முனையில் யுகாவா. இயற்பியல் பேராசிரியர், இஷிகாமியோட காலேஜ் நண்பர். போலீஸ்காரர் குசனாகியும் அதே பல்கலைக்கழகம்தான். இஷிகாமி தேர்வுத்தாள் தயாரிக்கிற விதத்தைச் சொல்லும் ஒரு இடம் வரும்: வடிவியல் கணக்கு மாதிரி தெரியும், ஆனா அது இயற்கணிதக் கணக்கு. கண்மூடித்தனமா ஒண்ணை நம்பிப் போனா விடை வராது. நாவலுக்கே சாவி அதுதான். யுகாவாவுக்கோ வேற தலைவலி. கண்டுபிடிச்சா, தான் மதிச்ச ஒரே மூளையைத் தன் கையாலேயே ஜெயிலுக்கு அனுப்பணும். ரெண்டு நண்பர்களும் பேசிக்கிற பக்கங்கள் சூப்பர். யசுகோவை விரும்புற பிசினஸ்மேன் குடோ வர்ற இடங்கள் மட்டும் கொஞ்சம் இழுவை. அப்புறம், யசுகோ மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு ஆசிரியர் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

'எங்கேயோ கேட்ட கதையா இருக்கே'ன்னு இந்நேரம் நீங்க முணுமுணுத்திருப்பீங்க. 2013-ல் மலையாளத்துல 'த்ருஷ்யம்' வந்தப்பவே இந்த ஒற்றுமையைப் பேசினாங்க. டைரக்டர் ஜீத்து ஜோசப் மறுத்தார். 2015-ல் கமல் நடிச்ச 'பாபநாசம்' அதோட தமிழ் வடிவம். தாயும் மகளும், வீட்டுக்குள்ள ஒரு சாவு, தேதியை வெச்சு ஒரு ஆட்டம். இதெல்லாம் ரெண்டுக்கும் பொது. ஆனா இந்த நாவல் என்னைத் தூங்க விடாததுக்குக் காரணம் இந்த ஒற்றுமை இல்லை, ஒரு வித்தியாசம்.

அதைச் சொல்லணும்னா முடிச்சை அவிழ்க்கணும். சஸ்பென்ஸ் முக்கியம்னு நினைக்கிறவங்க நேரா கடைசிப் பத்திக்கு ஜம்ப் பண்ணிடுங்க.

மத்தவங்க வாங்க. டொகாஷி செத்தது மார்ச் 9. ஆத்தங்கரையில் கிடைச்ச, முகம் சிதைஞ்சு, விரல் ரேகை எரிக்கப்பட்ட உடம்பு செத்தது மார்ச் 10. அந்த உடம்பு டொகாஷியோடது இல்லை. இஷிகாமி 10-ம் தேதி இன்னொருத்தரைக் கொன்னு, அவரை டொகாஷியா மாத்திப் போட்டார். போலீஸ் 10-ம் தேதி ராத்திரியைப் பத்தியே துருவித் துருவிக் கேக்குது. அம்மாவும் பொண்ணும் அன்னிக்கு நிஜமாவே சினிமா போனாங்க, நூடுல்ஸ் சாப்பிட்டாங்க, பாட்டுப் பாடினாங்க. பொய்யே சொல்லத் தேவையில்லை. இப்படி ஒரு சாவு நடந்ததே அவங்களுக்குத் தெரியாது.

யார் அந்த இன்னொருத்தர்? ஆத்தோரம் நீலத் தார்ப்பாய் கட்டி வாழுற வீடில்லாத மனுஷங்களில் ஒருத்தர். புதுசா வந்தவர். பெஞ்சில் உட்கார்ந்து தொழில்துறைப் பத்திரிகை படிச்சுக்கிட்டிருப்பார். அதனால இஷிகாமி மனசுக்குள்ள அவருக்கு வெச்ச பேரு 'இன்ஜினீயர்'. பழைய வேலை திரும்பக் கிடைக்கும்னு இன்னும் நம்பிக்கிட்டிருந்த ஆள். அவரை, வேலை இருக்குன்னு சொல்லித்தான் கூப்பிட்டார். இதை எழுதினவரும் ஒரு காலத்து இன்ஜினீயர்ங்கறது அந்தப் பக்கம் வரும்போது எனக்கு ஞாபகம் வந்து தொலைச்சது.

'பாபநாச'த்துல செத்த பையனுக்கு ஒரு அம்மா உண்டு. ஐ.ஜி.யா வந்து அடிச்சுக் கேக்குறா, கடைசியில் அப்பாவும் அம்மாவுமா வந்து கும்பிட்டுக் கேக்குறாங்க, 'எங்க பையன் எங்கே?'ன்னு. சுயம்புலிங்கம் பதில் சொல்லத் திணறும்போது நமக்கும் தொண்டை அடைக்குது. இன்ஜினீயரை அப்படிக் கேட்க யாருமில்லை. காணவில்லைன்னு ஒரு புகார்கூட வராது. வராதுங்கறதாலதான் அவர். ஒரு குடும்பத்தைக் காப்பாத்த, குடும்பம் இல்லாத ஒருத்தரைத் தேடி எடுத்திருக்கார் இஷிகாமி. அதுவரைக்கும் 'வாத்தியார் ஜெயிக்கணும்'னு நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்த நாம, எதுக்குக் கைதட்டினோம்னு திரும்பிப் பார்க்கிறோம். அல்ஜீப்ராவில் எக்ஸ்னா தெரியாத ஒண்ணு. இஷிகாமியைத்தான் நமக்கு நல்லாத் தெரியுமே? அப்போ அந்தத் தலைப்புல இருக்கிற எக்ஸ் யாரு? நாவல் இதுக்குப் பதில் சொல்லலை. ஆனா விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து யசுகோவால ஒரு வாய் சோறு நிம்மதியா சாப்பிட முடியாதுன்னு மட்டும் புரியுது. அவ நேரா நடக்கிறது போலீஸ் இருக்கிற இடத்துக்கு.

தாவி வந்தவங்களுக்கு: ஜப்பான், கொரியா, சீனா மூணு நாட்டுலயும் இது படமாயிருக்கு. இந்தியில் 2023-ல் சுஜாய் கோஷ் கலிம்போங்குக்குக் கொண்டுபோய், கரீனா கபூரை வெச்சு 'ஜானே ஜான்'னு எடுத்தார். எதையும் முதல்ல பார்த்துடாதீங்க, புத்தகத்தைப் படிங்க. இங்கிலீஷ் ரொம்ப எளிமை, டிக்‌ஷனரி தேவைப்படாது. ஒண்ணே ஒண்ணு: முதல் அத்தியாயத்துல இஷிகாமி ஆத்தோரமா ஸ்கூலுக்கு நடந்து போவார். 'கொலை எப்போ வரும்'னு அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிடாதீங்க. அவர் கூடவே மெதுவா நடங்க. வழியில யார் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க.