வேலை தேடியவர்களின் திடல்

பிரான்ஸ் நாட்டுச் செய்திகளில் ஓயாமல் அடிபடும் சொல் 'கிரெவ்'. வேலைநிறுத்தம் என்பது அதன் இன்றைய பொருள். சரளையும் மணலும் நிறைந்த நீர்க்கரை என்பது அதன் பழைய பொருள்.

பாரிஸ் நகரில் சேன் ஆற்றின் வலக்கரையில் படகுகளிலிருந்து விறகும் தானியமும் மதுவும் இறக்கப்பட்டன. அக்கரையையொட்டிய திடலே 'பிளாஸ் தெ கிரெவ்'. இன்று அது நகர்மன்றத் திடல். மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்ட இடமும் அதுவே. கில்லட்டின் 1792-இல் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது அங்குதான்.

கூலி வேலை தேடியவர்கள் அத்திடலில் கூடிக் காத்திருப்பது வழக்கம். எனவே, 'கிரெவில் இருத்தல்' என்றால் வேலையின்றி இருத்தல் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில், ஊதியம் போதாதென்று வேலையைவிட்டு வெளியேறியவர்களுக்கும் அச்சொல் பொருந்தலாயிற்று. வேலை கிடைக்காதவனைக் குறித்த சொல், வேலை செய்ய மறுப்பவனைக் குறிக்கத் தொடங்கியது. வேலைநிறுத்தத்தைச் சோம்பல் என்று ஏசுவோர் இந்த வரலாற்றை அறிவது நல்லது.

பொருளாதார நோக்கில் இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாடு பேரம் பேசும் வலிமை. அதைத் தருபவை சங்கமும் சட்டமும். தொழிலாளர் கூட்டுச் சேர்வதை 1791-ஆம் ஆண்டின் லெ ஷப்பலியே சட்டம் தடை செய்தது. வேலைநிறுத்தம் 1864 வரை குற்றமாகவே இருந்தது. தொழிற்சங்கங்களுக்கு 1884-இல்தான் சட்ட ஏற்பு கிடைத்தது. 1946-ஆம் ஆண்டு அரசமைப்பின் முகப்புரை வேலைநிறுத்தத்தை உரிமையாக்கியது.

அந்த உரிமைக்கான போராட்டத்தில் புதுச்சேரிக்கும் பங்குண்டு. 1936 ஜூனில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் பயனாகப் பிரான்ஸில் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் இரு வார ஊதிய விடுப்பும் கிடைத்தன. அதே பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரியில், அடுத்த மாதம் 30-ஆம் நாள், போராடிய ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எட்டு மணி நேர வேலை அங்கு 1937-இல் சட்டமாயிற்று.

2023-இல் ஓய்வூதிய வயதை 62-லிருந்து 64-ஆக உயர்த்தும் சட்டத்தை எதிர்த்து பிரான்ஸ் முழுவதும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஆயினும், நாடாளுமன்றக் கீழவையில் இறுதி வாக்கெடுப்பின்றியே அரசு அதை நிறைவேற்றியது. அங்கு நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் சங்க உறுப்பினர்கள் என்பதால், தெருவில் திரளும் கூட்டமே அவர்களின் பலம். 2027 குடியரசுத் தலைவர் தேர்தல் வரை அந்த வயது உயர்வை நிறுத்திவைப்பதாக 2025 அக்டோபரில் பிரதமர் லெக்கோர்னு அறிவித்தார்.